பெட்டி இல்லாத வண்டி

அத்தியாயம் 14

சுபிதாவுக்கு வெள்ளிக்கிழமை முதலில் விடிவது வயிற்றுக்குள்தான்.

ஷார்ஜாவில் அன்று விடுமுறை. அங்கே காலை பத்து, மார்த்தாண்டத்தில் பதினொன்றரை. அந்நேரத்துக்கு அனீஷ் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அப்புறம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானட்டைத் தூக்கி, கைபேசியை எஞ்சின் பக்கம் நீட்ட வேண்டும். பிறகு போனை பேட்டரி மேல் வைத்துவிட்டு உள்ளே ஏறி மூன்று தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், இந்தப் பெண் காருக்கு ஜெபம் பண்ணுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அனீஷ் அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, நோய் எங்கே என்று சொல்லிவிடுகிறவன். மனிதர் பேச்சு அவனுக்கு அவ்வளவாகக் கேட்காது. எஞ்சின் பேசினால் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் கேட்கும்.

கல்யாணமாகி மூன்று வருடம். இருவரும் சேர்ந்து இருந்தது எழுபத்து நான்கு நாள். அவன் ஊரில் இல்லாத காலமெல்லாம் சுபிதா தாய் வீட்டில்தான். அவனுடைய வெள்ளைக் காரும் அவளோடுதான். இப்போது பேமிலி விசாவுக்கு எல்லாத் தாள்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. அவன் ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. இந்த வாரம் போடுவதாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் கையெழுத்தை எது தடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் மட்கார்டில் ஒரு கீறல் விழுந்ததற்கு அனீஷ் நாற்பது நாள் பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்தில்கூட ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அனீஷ் அதையும் சேர்த்தான்.

அப்படிப்பட்டவனுடைய வண்டியின் பானட்டைப் போன வாரக் கடைசியில் திறந்தபோது, கறுப்புப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கூம்பு உட்கார்ந்திருந்ததைச் சுபிதா கண்டாள்.

வைத்தது அவள் தம்பி ஜெஃப்ரின். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாகிறது, வேலைதான் இன்னும் தொடங்கவில்லை. வண்டியைக் கழுவிக் கொண்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிப்போய், அல்போன்ஸின் வொர்க் ஷாப்பில் விட்டு இந்த வேலையைச் செய்திருந்தான். ஆரல்வாய்மொழி காற்றாலைச் சாலையில் கூட்டாளிகளோடு ஓட்டிப் பார்க்க ஆசை.

எஞ்சின் இழுக்கும் காற்று அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்து, தூசியை அங்கிருக்கும் காகித வடிகட்டியில் விட்டுவிட்டு உள்ளே போகும். அத்தோடு, காற்றை இழுக்கிற சத்தத்தை வெளியே விடாமல் அமுக்கி வைப்பதும் பெட்டிதான். கூம்பும் வடிகட்டிதான், ஆனால் அதைச் சுற்றிப் பெட்டி கிடையாது. வாயைத் திறந்துகொண்டே மூச்சு விடும்.

"வண்டிக்கு மூச்சு முட்டுதுக்கா," என்று அன்றைக்கு விளக்கம் சொன்னான் ஜெஃப்ரின். "மூக்கில துணியக் கெட்டிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியா?"

"ஓடுவேன். ஊரு கேக்காம ஓடுவேன்."

திங்கட்கிழமைக்குள் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றான். திங்கள், செவ்வாய் ஆனது. செவ்வாய், இந்த வெள்ளி ஆனது.

*

காலை ஒன்பதரைக்கு, மழை இரைச்சலில் கேட்காமல் போகுமோ என்ற நப்பாசையில் இருவரும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். சும்மா ஓடும்போது மெல்லிய சீறல் மட்டும். சுபிதா மிதித்ததும் ஜலதோஷம் பிடித்த காளை மாதிரி அது உறுமியது. போர்ச்சில் காயப் போட்டிருந்த துணிகூட ஆடியதாக அவளுக்குத் தோன்றியது. அவள் காலை எடுத்துவிட்டாள்.

"அல்போன்ஸ் அண்ணனக் கூப்பிடு. இப்பவே பெட்டியக் கொண்டு வரச் சொல்லு."

ஜெஃப்ரின் கூப்பிட்டான். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. அல்போன்ஸ் தேங்காப்பட்டணத்து ஆள், சொல்வதை வளைக்காமல் சொல்வான். நேற்று ஆக்கர்காரன் வந்தான், உடைந்த பம்பர்களோடு அந்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டாயிற்று, வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்றான். ஆக்கர்காரன் என்றால் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவன்.

ஆக்கர்காரன் கதையை அக்காவிடம் முணுமுணுத்துவிட்டு, "பெட்டி காணாமப் போச்சு," என்றான் ஜெஃப்ரின்.

"அவரு கேட்டா என்ன சொல்லப் போறோம்?" என்றாள் சுபிதா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "மூணு வருஷமா அந்த விசாவுக்குக் காத்துக் கெடக்கேன். நீ ஒரு சாய்ங்காலத்தில அதத் தூக்கி ஆக்கருக்குப் போட்டிட்டியே, மக்கா."

ஜெஃப்ரின் மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் பைக்கை உதைத்தான்.

*

அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்த அம்மா நேசபாயின் காதில், பேச்சின் நடுத்துண்டு மட்டும் விழுந்திருந்தது. பெட்டி காணாமல் போயிற்று. அவர் கேட்டால் என்ன சொல்வது. பிறகு மகளுடைய அழுகை.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் பெட்டி என்றால் ஒன்றுதான். நான்கு பக்கமும் பெயரெழுதி, பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டி. சோப்பும் பால்பொடியும் தைலமும் போர்வையும் அதில்தான் வரும். அது காணாமல் போனால் வீட்டில் அழுகை கேட்பது நியாயம்தான்.

நேசபாய் யோசிக்கிற வகையல்ல, செய்கிற வகை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கருங்கல் ஊரில் இருக்கும் சம்பந்தியம்மாள், அனீஷின் அம்மா பேபிக்குப் போன் போட்டாள். மருமகன் அனுப்பிய பெட்டி காணாமல் போய்விட்டதாம், உங்கள் வீட்டுக்கு மாறி வந்துவிட்டதா என்று கேட்டாள்.

எந்தப் பெட்டி என்று பேபி தடுமாறினாள். பிறகு, பெட்டியெல்லாம் எங்கும் போயிருக்காது, அது அவன் கையிலேயே பத்திரமாக இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, இதை ஒரு நல்ல சேதி போல நேசபாய் சொன்னாள். "கரையாத பிள்ள. பெட்டி அவனுக்க கையிலதான் இருக்காம்."

சுபிதாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அம்மா கருங்கல்லுக்கே போன் போட்டுவிட்டாள். இந்த நேரத்துக்கு பேபி மகனைக் கூப்பிட்டிருப்பாள். பெட்டி என்ற சொல் கடலைத் தாண்டிப் போயிருக்கும்.

"அம்மா, அது வண்டிக்க பெட்டிம்மா."

"வண்டியில எதுக்குடி பெட்டி? டிக்கி இல்லியா?"

விளக்க நேரமில்லை. கடிகாரம் பத்தரையைத் தாண்டியிருந்தது.

*

சுயம்புலிங்கத்தின் ஆக்கர் கடை குழித்துறைக்குப் போகும் வழியில், ஒரு தென்னந்தோப்பின் பின்னால். பிளாஸ்டிக் ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல், இரண்டிலும் சேராதவை மூன்றாவது குவியல். நடுவில் தார்ப்பாய்க்குக் கீழே சாயா குடித்துக்கொண்டிருந்தார் சுயம்புலிங்கம்.

வாங்க வந்தவன் முகத்தில் அவசரத்தைக் கண்டால் கடைக்காரன் தராசைத் தொடவே வேண்டியதில்லை. அந்த முகமே எடைக்கல். ஜெஃப்ரின் நனைந்த சட்டையோடு போய் நின்று, கறுப்புப் பெட்டி, கார்ப் பெட்டி, நேற்று வந்தது, எவ்வளவானாலும் தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய தற்கொலை கிடையாது.

சுயம்புலிங்கம் கிளாஸைக் கீழே வைத்து, நிதானமாக எழுந்தார். இரண்டாவது குவியலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். முதல் குவியலில் இருப்பது அவருக்கு முதலிலேயே தெரியும். கடைசியாக அங்கே கையை விட்டு, ஒவ்வொரு பாகமாக எடுத்துப் போட்டார்.

அடிப்பாகம் இருந்தது. மூடி இருந்தது, ஆனால் மூன்று துண்டாக. லாரி பின்னால் வரும்போது சக்கரம் ஏறியதாம்.

"மூடி போனா என்ன தம்பி? ஒரு சோத்துத் தட்டக் கமத்தி, ரப்பர் போட்டுக் கெட்டு. வண்டி ஓடும்."

வண்டி ஓடுவது பிரச்சினையில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது. புதுப் பெட்டி எங்காவது கிடைக்குமா என்று ஜெஃப்ரின் நாகர்கோவிலில் தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டான். சொல்லி வைத்தால் திங்கட்கிழமை வரும் என்றார்கள். திங்கட்கிழமை என்று கேட்டதும் அவனுக்கே அழுகை வந்தது. நாள் கையில் இருந்தபோது அவன் சொன்னதும் அதே கிழமைதான்.

*

பதினொன்று ஐந்துக்குத் தம்பி கூப்பிட்டு, மூடி உடைந்த கதையைச் சொன்னான்.

சுபிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச்சில் நின்றாள். எடுக்காமல் விட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை போனை எடுக்காத பெண்டாட்டிக்கு என்ன அர்த்தம் என்று, ஷார்ஜாவில் ஒரு அறை நிறைய ஆண்கள் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்து அர்த்தம் சொல்வார்கள். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லலாமா? வாரா வாரம் ஸ்டார்ட் செய்கிற வண்டிக்குப் பேட்டரி எப்படி இறங்கும்? உண்மையைச் சொல்லிவிடலாமா? நாற்பது நாள் என்பது இந்த முறை எவ்வளவாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசாமல் போகிறவனுடைய கோபத்துக்கு அடியும் கிடையாது, நுனியும் கிடையாது. பிடித்து நிறுத்தக் கையில் ஒன்றும் அகப்படாது.

இரண்டு வீடு தள்ளி ஞானதாசன் வாத்தியார் வீட்டு முற்றத்தில், அதே கம்பெனியின் அதே வெள்ளைக் கார், அதே வருடத்தியது, மழையில் நின்றுகொண்டிருந்தது.

அவள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஷார்ஜாவில் இருக்கிறவருக்குப் போனில் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும், எங்கள் வண்டியில் சின்னக் கோளாறு, உங்கள் வண்டியை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இரண்டு தரம் கண் சிமிட்டினார்.

"அப்போ எனக்க வண்டிக்க சத்தத்தக் கேட்டு, உனக்க வண்டி நல்லாருக்குன்னு அவன் நெனைக்கணும். அதான?"

சுபிதா தலையைக் குனிந்தாள். கண்ணீர் குடைப்பிடியில் விழுந்தது.

வாத்தியார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "பொய்க்கு நான் கூட்டில்ல, கேட்டியா. சாவி அந்த ஆணியில தூங்குது. நான் குளிக்கப் போறேன்."

*

பதினொன்று முப்பத்தொன்றுக்கு மணி அடித்தது. முன்பின் தெரியாத எண். அதில் ஆச்சரியமில்லை, அவன் நெட் போனில் கூப்பிடும்போது வாரம் ஒரு எண் வரும். சில வாரம் எண்ணே வராது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கீச்சென்று ஒரு சத்தத்தோடு பிடித்து, பிறகு பட்டுப் போல ஓடியது. பானட்டுக்குக் கீழே போனை நீட்டினாள். குடை தோளில் சாய்ந்து, முதுகெல்லாம் நனைந்தது. உள்ளே ஏறி மூன்று தடவை மிதித்தாள். உறுமல் இல்லை, சீறல் இல்லை.

இறங்கி வந்து போனைக் காதில் வைத்தாள்.

"நல்லாருக்கு," என்றான் அனீஷ்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"ரொம்ப நல்லாருக்கு. நம்ம வண்டியில எடது பக்கம் டக் டக்குன்னு ஒண்ணு உண்டும். அது எங்க?"

வந்த மூச்சு பாதியில் நின்றது. "மழைக்க சத்தத்தில கேக்கல்லியா இருக்கும்."

"மழைக்க சத்தத்தில." அவன் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னான். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மை சொன்னா, ஏதோ பெட்டி காணாமப் போச்சாமே. எந்தப் பெட்டி?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்திலும் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில் ஒரு ஆண் குரல் ராகம் போட்டுக் கூவியது.

"குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, நாரோல்... ஏறு ஏறு ஏறு."

ஷார்ஜாவில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். நாகர்கோவிலை நாரோல் என்று கூவி ஆள் ஏற்றுகிற கண்டக்டர் அங்கே கிடைக்க மாட்டார். அவர் கிடைக்கும் இடம், விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு. இங்கிருந்து அரை மணி நேரம்.

"நீங்க எங்க நிக்கியோ?" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

கண்டக்டர் இன்னொரு முறை கூவினார். அவள் கேட்டுவிட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"வண்டிய நிறுத்து, சுபி," என்றான் கடைசியில். "ஸ்டார்ட் ஆவும்போ கீச்சுன்னு வந்துதே, அது வாத்தியாருக்க பெல்ட்டு. மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. பாவம், அவருக்க பெட்ரோல எரிக்காத."

லைன் போய்விட்டது.

*

ஜெஃப்ரின் உடைந்த பெட்டியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அக்கா போர்ச்சின் படியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வருகிறார் என்று கேட்டதும் அவன் வரிசையாக வழி சொல்லத் தொடங்கினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அல்போன்ஸிடம் ஒளித்து வைக்கலாம் என்றான். எலி கடித்தது என்று சொல்லலாம் என்றான். தேங்காய் விழுந்து உடைந்ததாகச் சொன்னால் இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றான். மூடின பானட்டுக்குள் தேங்காய் எப்படி விழும் என்று அவனுக்கே தோன்றி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நேசபாய்க்கு மட்டும் சந்தோஷம். மருமகன் வருகிறான் என்றதும் மீன்காரியை விரட்டிப் பிடிக்கக் குடையோடு கிளம்பிவிட்டாள்.

சுபிதா அழுது முடித்திருந்தாள். பயம் மட்டும் முடியவில்லை. லீவு எழுதினால் மூன்று மாதம் முன்னாலேயே சொல்கிறவன் ஏன் சொல்லாமல் வந்தான்? பெட்டி அவன் கையில் என்று பேபி சொன்னது இது தெரிந்துதான்; தன் அம்மாவிடம் சொன்னவன் பெண்டாட்டியிடம் ஏன் மறைத்தான்? களியக்காவிளையில் நின்றுகொண்டு, ஷார்ஜாவில் இருக்கிறவன் மாதிரி ஏன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான்? தராசின் ஒரு தட்டில் அவளுடைய பொய் ஒன்று இருந்தது. மறு தட்டில் அவனுடையது என்ன எடை என்று இன்னும் தெரியவில்லை.

"அக்கா, என்ன செய்ய?" என்றான் ஜெஃப்ரின். "நான்தான் செஞ்சேன்னு சொல்லட்டா?"

"நீ உள்ள போ, மக்கா."

"அக்கா..."

"போலே. சாவி குடுத்தவ நான்."

அவன் போனான். பெட்டியின் அடிப்பாகத்தைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்புவது கேட்டது. சுபிதா எழுந்தாள். போய் பானட்டைத் தூக்கி, கம்பியைக் கொடுத்து நிறுத்தினாள். உள்ளே சிவப்புக் கூம்பு, அந்த எஞ்சினுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், பளபளவென்று இருந்தது. அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது.

அவள் சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவில்லை. அந்தச் சீறலும் உறுமலும் போர்ச்சை நிறைத்து, மழையைக் கிழித்துக்கொண்டு தெருவுக்குப் போயின. வாத்தியார் தலையில் துண்டோடு வெளியே எட்டிப் பார்த்தார். ஆட்டோக்காரன் கழுத்தைத் திருப்பினான்.

பின் சீட்டிலிருந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியவன், மறுகாலை எடுத்து வைக்காமல் அப்படியே நின்றான். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அனீஷ் கேட்டுக்கொண்டிருந்தான்.

சுபிதாவின் கால் நடுங்கியது. அந்த நடுக்கம் எஞ்சினில் கேட்டது.